ஃபியட் பிள்ளையார்

காலமான சிவசைலத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக ஜெசிந்தா பாளையங்கோட்டைக்கு வந்தபோது, அவர் பூஜை அறையில் ஒரு மஞ்சள் துண்டின் மேல் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. உள்ளங்கை அகலத்தில், கறுப்பு உறை போட்ட ஒரு ஹார்ட் டிஸ்க். அதற்குச் சந்தனப் பொட்டு வேறு வைத்திருந்தார்கள்.

"பொட்டெல்லாம் வேண்டாம்மா. தூசி உள்ள போயிரும்" என்று சொல்லிக்கொண்டே ஜெசிந்தா பொட்டைத் துடைத்தாள். அவளுக்கு ஊர் தூத்துக்குடி. வேலை, இறந்தவர்களுக்கு வழித்துணை போவது.

அதற்குப் பெயர் ஆள்வட்டு. உயிர் பிரிவதற்கு முன்பே ஆளின் மூளையை வாசித்து எழுதிவைத்துவிடுகிறார்கள். மின்சாரம் கொடுத்தால் ஆள் விழித்துக்கொள்வார். பேசுவார், கோபிப்பார், தம்பி மகள் கல்யாணம் என்ன ஆயிற்று என்று விசாரிப்பார். நிறுத்தினால் தூங்கிவிடுவார். எல்லா நாடுகளும் சேர்ந்து ஒரே ஒரு சட்டம் போட்டன: ஓர் ஆளுக்கு ஒரு வட்டு. பிரதி எடுப்பது குற்றம். இணையத்தில் அனுப்பினால் போகிற வழியெல்லாம் பிரதி விழும் என்பதால் அதுவும் குற்றம். ஆகவே இவ்வளவு விஞ்ஞானம் வளர்ந்த பிறகும் மனிதனை மனிதன்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ஜெசிந்தாவுக்குப் பிழைப்பு அப்படித்தான் ஓடுகிறது.

அவள் வட்டை வெள்ளிநிற உறைக்குள் போட்டாள். உடம்பில் சேரும் மின்சாரம் அதைத் தீண்டாமல் இருக்க. அப்புறம் குழி வெட்டிய ஸ்பாஞ்சுக்குள் அமுக்கி, அதைக் கெட்டிப் பெட்டிக்குள் இறக்கினாள். பெட்டி எக்காரணம் கொண்டும் செக்-இன்னில் போகாது. விமானத்தின் வயிற்றுக்குள் சாமான்களை வெங்காய மூட்டை போல எறிகிறவர்களை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். தலைக்கு மேல் உள்ள தட்டிலும் வைக்க மாட்டாள். பயணம் முழுக்க மடிதான். எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது. காந்தம்தான் எமன். சாதாரண ஹார்ட் டிஸ்க் என்றால் சின்னக் காந்தத்துக்கெல்லாம் அசராது. ஒரு முழு மனிதனை அடைக்க எழுத்தை அவ்வளவு பொடியாக எழுதியிருப்பதால் ஆள்வட்டு எந்தக் காந்தத்தையும் தாங்காது. அதனால் அவள் கைப்பையில் காந்தப் பித்தான் கிடையாது. போனுக்கு மூடி போட்ட உறை கிடையாது. நூலில் கட்டிய ஒரு பேப்பர் கிளிப் மட்டும் எப்போதும் இருக்கும். எதன் பக்கத்திலாவது அது சாய்ந்தால் அந்தப் பொருள் பெட்டிக்கு ஆகாது.

சிவசைலத்தின் மனைவி கோமதி உள்ளே போய், முஷ்டி அளவில் ஒரு பிள்ளையாரைக் கொண்டுவந்தாள். வர்ணம் போன, தும்பிக்கை நுனி உடைந்த பிள்ளையார்.

"இதையும் அவியகூட வச்சிருதியா?"

ஜெசிந்தாவின் கையிலிருந்த கிளிப் துள்ளிப்போய்ப் பிள்ளையாரின் பாதத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுவர்வரை பின்வாங்கிவிட்டாள்.

"எம்மா! என்ன காரியம் பண்ணப் பாத்திய! அடியில காந்தம் இருக்கு. கிட்ட வந்தாலே அண்ணாச்சி போயிருவாவ!"

"காந்தம்னு தெரியும்" என்றாள் கோமதி. குரலில் ஒரு பதற்றமும் இல்லை. "அவியதான் ஒட்டுனாவ. எங்கட்ட ஒரு பழைய ஃபியட் இருந்துச்சு. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் புள்ளையாரு குப்புற விழுவாரு. ஒருநாளு கெட்டுப்போன கம்ப்யூட்டரப் பிரிச்சு, ஹார்ட் டிஸ்க்குக்குள்ள இருந்த காந்தத்த எடுத்து அடியில ஒட்டிட்டாவ. அதுக்குப் பொறவு அசையல. வண்டிய வித்தப்ப பேத்து எடுக்கதுக்குள்ள தும்பிக்கை போச்சு."

"அப்ப தெரிஞ்சே..."

"உள்ள வைக்க முடியாட்டி நீ தனியாக் கொண்டுபோ. அவிய கேட்டாக் குடு. கேக்காட்டி திருப்பிக் கொண்டாந்துரு."

இந்தத் தொழிலில் யார் வீட்டுச் சாமியையும் வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் இல்லை. விபூதிப் பொட்டலம், எலுமிச்சம்பழம், ஜெபமாலை, ஓதிய தண்ணீர், எதைக் கொடுத்தாலும் கும்பிட்டு வாங்கிக்கொண்டு சூட்கேஸில் போட்டுவிடுவார்கள். ஆள் கையில் வருவார், சாமி செக்-இன்னில் வரும். போய்ச் சேர்ந்ததும் சூட்கேஸைப் பிரித்து உரியவரிடம் கொடுத்துவிடுவார்கள். வழியில் வட்டிடம் அதைப்பற்றி மூச்சு விட மாட்டார்கள். வீட்டு நினைவு வந்தால் சில வட்டுகள் அழும். அழுகிற வட்டைக் குடியேற்ற மேசையில் வைத்தால் காரியம் கெட்டுவிடும். ஜெசிந்தா பிள்ளையாரை நான்கு புடவைக்கு நடுவில் சுருட்டி சூட்கேஸின் மூலையில் வைத்தாள்.

கோமதி வாசல்வரை வந்தாள். அவள் விசாவுக்கு இரண்டு முறை எழுதிப்போட்டு இரண்டு முறையும் இல்லையென்று வந்துவிட்டது. உயிரோடு இருக்கிறவர்களை எந்த நாடும் எளிதில் சேர்ப்பதில்லை. வட்டுக்கு மறு வாரமே அனுமதி வந்தது.

"மவன் வீட்டுக்குத்தான போறாவ?"

"ஆமாம்மா. நெல்லையப்பன்னு பேரு போட்டிருக்கு."

"பேரு போட்டிருக்கது கெடக்கட்டும். மவன் பேர்ல பதிஞ்ச வட்டு, அவன் கேட்டா நான் குடுத்துத்தான் ஆவணும். நீ ஒண்ணு மட்டும் பாத்துக்க. அவியளத் தூங்க விடணும். அனல்மின் நிலையத்துல கன்ட்ரோல் ரூம் வேல. ராத்திரி ஷிப்டு பாத்துப் பாத்து, அந்த மனுசன் வாழ்க்கையில ஆசப்பட்டு கேட்டது தூக்கம் ஒண்ணுதான். பகல்ல அவிய தூங்கயில நான் குக்கரு விசிலக் கழட்டி வச்சிருவேன்."

அழுதிருந்தால் ஜெசிந்தாவுக்குப் பழக்கம், ஆறுதல் சொல்லியிருப்பாள். கோமதி அழவில்லை. பெட்டியைப் பார்த்து, "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

*

விமானம் மாறுகிற ஊரில் ஜெசிந்தா ஒரு மூலை இருக்கையைப் பிடித்து, வட்டுக்கு மின்சாரம் கொடுத்து, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். குடியேற்ற மேசைக்கு முன்னால் ஒருமுறை எழுப்பிப் பேசித் தயார்ப்படுத்துவது எல்லா வழித்துணைகளும் செய்வதுதான். குடியேற்ற மேசையில் வட்டிடம் நேராகவே கேட்பார்கள்: விரும்பித்தான் வருகிறாயா, எதற்கு வருகிறாய்? உறவினரோடு இருக்க என்றால் உடனே முத்திரை. வேலைக்கு என்றால் ஆயிரம் விசாரணை. ஒரு காலத்தில் விசிட் விசாவில் வேலைக்குப் போன நம் ஆட்கள், 'மச்சானைப் பார்க்க வந்தேன்' என்று மனப்பாடம் செய்துகொண்டு போனார்களே, அதே பாடம்தான். அன்று உயிரோடு இருந்தவர்கள் சொன்னார்கள், இப்போது போனவர்கள் சொல்கிறார்கள்.

"யாரு?" என்றது ஒரு கனத்த குரல். தூக்கக் கலக்கம் அப்படியே இருந்தது.

"நான் ஜெசிந்தா, அண்ணாச்சி. உங்களக் கூட்டிட்டுப் போறவ."

"ஊரு வந்துட்டா?"

"பாதி வழி. அங்கன ஒரு அம்மா கேள்வி கேக்கும். மகன்கூட இருக்கப் போறேன்னு சொல்லணும். வேற ஒண்ணும் சொல்லிராதிய."

"மவன்கூட இருக்கத்தான போறேன்? பொறவு எதுக்கு இவ்வளவு ஒத்திகை?"

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. "எல்லாத்துக்கும் சொல்லுதது அண்ணாச்சி. வழக்கம்."

"வழக்கமா" என்றார் சிவசைலம். "மூளைய வாசிக்கையில ஆசுபத்திரில மவன் வீடியோல வந்தான். அப்பா எப்படி இருக்கன்னு ஒரு வார்த்த. பொறவு முழுக்க பாய்லரு. குழாய் வெடிச்சா சத்தத்த வச்சு எப்படிக் கண்டுபுடிப்ப, கரி ஈரமா வந்தா என்ன செய்வன்னு ஒரே கேள்வி. இந்தப் பயலுக்கு சின்னதுல நான் வேலையப் பத்திப் பேசுனா கொட்டாவி வரும். என்னமோ அன்னைக்கு ஆசையாக் கேட்டானேன்னு நானும் சொன்னேன்."

மகன் எதற்கு பாய்லரைப் பற்றிக் கேட்டான் என்று ஜெசிந்தாவுக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"எம்மா, கண்ணு எரியுது" என்றார் அவர். "கண்ணே இல்ல. ஆனா எரியுது பாரு. ரொம்ப நேரம் முழிச்சிருந்தா அப்படித்தான் ஆவுது. ஒண்ணு கேக்கணும். கோமதி ஏதாச்சும் குடுத்து விட்டாளா?"

வழக்கப்படி அவள் பதில் சொன்னாள். "ஒண்ணும் இல்லியே அண்ணாச்சி."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ஒண்ணும் குடுக்கல. நீங்க தூங்குங்க."

"அப்ப சரி" என்றார். அந்த 'சரி' ஏன் அவ்வளவு ஏமாற்றமாக ஒலித்தது என்று யோசித்தபடியே அவள் மின்சாரத்தை நிறுத்தினாள்.

*

அந்த நாட்டின் பெயர் வேண்டாம், வீண் வம்பு. வடதுருவத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, கோடையில் அங்கே சூரியன் மறைவதே இல்லை என்று சொன்னால் போதும். குடியேற்ற மேசையை அரசாங்கம் ஏதோ கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் விட்டிருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணின் சட்டையில் நீல நிறத்தில் மூன்று அலைக்கோடுகள். அவள் தன் மொழியில் முணுமுணுத்ததை ஒரு பெட்டி தமிழாக்கிச் சொன்னது.

"தாங்கள் எவருடைய வற்புறுத்தலும் இன்றி இந்நாட்டிற்கு வருகை புரிகின்றீர்களா?"

"மேடைப் பேச்சுல்லா பேசுது இது" என்றார் சிவசைலம் ஒலிபெருக்கியில். "ஆமா."

"வருகையின் நோக்கம் யாது?"

"மவன்கூட இருக்க."

"தங்களுக்கு இதில் முழுச் சம்மதமா?"

"சம்மதம்."

இதோடு முடிய வேண்டும். வேறு ஊர்களில் இதோடு முடிந்துவிடும். இங்கே வட்டில் செருகியிருந்த கம்பி, வழக்கமான மெல்லிய கம்பியாக இல்லாமல் விரல் தடிமனில் இருந்தது. திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல மெல்ல நகர்ந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் கால் மாற்றி நின்றார்கள்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"பாதுகாப்புச் சரிபார்ப்பு நடைபெறுகின்றது. பொறுமை காக்கவும்."

கோடு முடியப்போகும்போது சிவசைலம் மறுபடி பேசினார். "ஜெசிந்தாம்மா, இருக்கியா? கோமதி உண்மையிலேயே ஒண்ணும் குடுத்து..." அந்தப் பெண் விசையைத் தட்டினாள். குரல் பாதியில் நின்றது. முத்திரை விழுந்தது.

*

நெல்லையப்பன் வெளியே காத்திருந்தான். நாற்பது வயது இருக்கும். அப்பாவின் பெட்டியை வாங்கக் கை நீட்டவில்லை, பார்க்கவே கூச்சப்பட்டான். காரை ஓட்டிக்கொண்டு ரொம்ப தூரம் பேசாமல் வந்தவன், ஒரு ஓட்டல் வாசலில் நிறுத்தினான்.

"உங்களுக்கு இங்க ரூம் போட்டிருக்கேன்க்கா. காலையில பிளான்ட்டுக்குக் கொண்டுவந்து ஒப்படைச்சிருங்க."

"எந்த பிளான்ட்? வீட்டுக்குத்தான போகணும்?"

அவன் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நெல்லையப்பா, ஒங்கம்மா என்ட்ட மகன் வீட்டுக்குத்தான போறாவன்னு கேட்டாவ. நான் ஆமான்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"இங்க பழைய பாய்லர் நிறைய இருக்குக்கா. அத ஓட்டத் தெரிஞ்சவங்க எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்க. நான் வேலைல சேரும்போதே எழுதி வாங்கிட்டாங்க, நான் செத்தா என் வட்டு கம்பெனிக்குன்னு. எல்லார்ட்டயும் வாங்குவாங்க. இல்லன்னா இந்த நாட்டுல இருக்க முடியாது. என்னைவிட வேலை தெரிஞ்ச வட்டு ஒண்ணு குடுத்தா, என்னை விட்டுருவாங்க."

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் காரின் கதவைத் திறந்து இறங்கி, பிறகு குனிந்து கேட்டாள்.

"ஒனக்குப் பதிலா அப்பாவ மாத்திக் குடுத்திருக்கியா?"

"அப்பாவுக்கு அந்த வேலை உயிர்க்கா. சந்தோஷமாத்தான் செய்வாரு."

"தூங்க விடுவாவளா?"

"பாய்லர நிறுத்த முடியாதுல்லக்கா" என்றான் அவன். அவன் கண்ணில் தண்ணீர் இருந்தது. அவளுக்கு அவன் மேல் கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை.

அறைக்கு வந்து ஏஜென்சிக்குப் பேசினாள். மேலாளர் மோசஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கொண்டுபோய்ச் சேக்குறது நம்ம வேல. சேந்தப்புறம் அவரு என்ன ஆனாருன்னு பாக்குறது நம்ம வேல இல்ல" என்றார். நேற்றுவரை ஜெசிந்தாவும் புதுசாகச் சேர்ந்த பெண்களுக்கு இதையேதான் சொல்லிக்கொடுத்துவந்தாள். எத்தனை பேரை மகன்கூட, மகள்கூட என்று சொல்லவைத்திருப்பாள் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது.

திரைச்சீலையை இழுத்துவிட்டாலும் வெயில் உள்ளே வந்துகொண்டேயிருந்தது. அவள் சூட்கேஸைத் திறந்து, புடவைகளுக்கு நடுவிலிருந்து பிள்ளையாரை எடுத்து அறையின் ஒரு கோடியில் வைத்தாள். மறு கோடியில் வட்டை வைத்து எழுப்பினாள். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள்.

"பய பயந்துட்டான்" என்றார் கடைசியில். "சின்னதுலயே பயந்தாங்கொள்ளி. லைட்ட அணைச்சாத் தூங்க மாட்டான்."

"அண்ணாச்சி, நான் ஒங்கள்ட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். அம்மா குடுத்து விட்டாவ."

"புள்ளையாரா?" குரல் சட்டென்று நிமிர்ந்தது. "ஃபியட் புள்ளையாரா?"

"ஆமா."

அவர் சிரித்தார். ஒலிபெருக்கி கரகரத்தது. "அதான பாத்தேன். கோமதி மறக்க மாட்டாளேன்னு. ஆசுபத்திரில அவட்ட சொன்னேன். கண்ண முழிக்கையில மவன் வீடா இருந்தா இருந்துக்கிடுதேன். வேலையா இருந்தா என்னால ஆவாது, கூட்டிட்டுப் போறவ கையில அத அனுப்பி விடுன்னேன். சண்ட போட்டா. ரெண்டு நாளு பேசல. பொறவு சரின்னா."

"அண்ணாச்சி, அத வச்சா திரும்ப எழும்ப முடியாது. ஒங்களுக்கு வேற வட்டு கிடையாது. உலகத்துலயே இது ஒண்ணுதான்."

"அது எனக்குத் தெரியாதா? காந்தத்த ஒட்டுனவனே நான்தான. ஆமா, நீ மாட்டிக்கிட மாட்டியே?"

இதற்காகத்தான் அவளுக்கு அழுகை வந்தது. அழிந்த வட்டைக் கொடுத்தது தெரிந்தால் வேலை போகும், இந்த ஊர்ச் சிறையில்கூடத் தள்ளுவார்கள். "நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

"அப்ப மொதல்ல என்னத் தூங்க வையி. பொறவு அத வையி. முழிச்சிருக்கையில வேண்டாம், பயமா இருக்கு. கோமதிட்ட, நான் நல்லாத் தூங்குதேன்னு சொல்லு."

அவள் மின்சாரத்தை நிறுத்தினாள். சிலுவை போட்டுக்கொண்டாள். போட்டது சரியா என்று தெரியவில்லை. வேறு என்ன செய்வதென்றும் தெரியவில்லை. வட்டை உறையிலிருந்து எடுத்து மேசையில் வைத்து, அதன்மேல் பிள்ளையாரை வைத்தாள். டக்கென்று ஒட்டிக்கொண்டார். பெயர்த்து எடுக்க அவள் நகத்தை உடைக்க வேண்டியிருந்தது. பிறகு ஒருமுறை மின்சாரம் கொடுத்துப் பார்த்தாள். ஒலிபெருக்கியில் மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சல் மட்டும் வந்தது. அன்று அவள் அந்த வெளிச்சத்திலேயே நன்றாகத் தூங்கினாள்.

*

மறுநாள் அவள் பிளான்ட் வாசலில் இறங்கினாள். என்ன கேட்டாலும், வரும்போது சரியாகத்தான் இருந்தது என்று ஒரே பிடியாகச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்திருந்தாள். கேட்டுக்கு மேலே நீல நிறத்தில் மூன்று அலைக்கோடுகள் இருந்தன. எங்கேயோ பார்த்த கோடுகள் என்று தோன்றியது. குடியேற்ற மேசைப் பெண்ணின் சட்டையில் என்று பிறகுதான் நினைவுக்கு வந்தது.

உள்ளே ஒரு வெள்ளைக்கார இளைஞன் கைகுலுக்கினான். பெட்டியை வாங்கினான். திறந்து பார்ப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் திறக்கவே இல்லை. மூலையில் குவிந்திருந்த பெட்டிகளின் மேல் அதைத் தூக்கிப் போட்டான். எல்லாம் வழித்துணைகள் கொண்டுவருகிற கெட்டிப் பெட்டிகள். விழுந்த சத்தத்தில் அவளுக்குப் பழக்கதோஷம் முந்திக்கொண்டது.

"மெதுவாக! வட்டு உடைந்துவிடும்!" என்று ஆங்கிலத்தில் கத்தினாள்.

"கவலை வேண்டாம். இவை அரைக்கும் இயந்திரத்துக்குப் போகின்றன" என்றான் அவன் சிரித்தபடி. "பயணத்தில் வட்டுகள் அடிபடுகின்றன, கெட்டுப்போகின்றன. ஒன்றை மட்டும் நம்ப முடியுமா? அதனால் குடியேற்ற மேசையில் கேள்வி கேட்கும்போதே பாதுகாப்புக்கு ஒரு பிரதி எடுத்துவிடுகிறோம். உங்கள் பயணி நேற்றே வேலைக்கு வந்துவிட்டார். அருமையான ஆள். எங்கள் நிலையங்கள் எல்லாவற்றிலும் இப்போது அவர்தான்."

"எல்லாவற்றிலுமா?" என்று அவள் கேட்டது அவளுக்கே கேட்கவில்லை.

"ஒரே ஒரு சிக்கல். வேலையெல்லாம் சரியாகச் செய்கிறார். நடுநடுவே ஒரு கேள்வி கேட்கிறார். எல்லா நிலையங்களிலும் அதே கேள்வி. மொழிபெயர்ப்பு இருக்கிறது, ஆனால் என்ன பதில் சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. நீங்கள் அவர் மொழிக்காரர்தானே, ஒரு நிமிடம் பேசுங்களேன்." அவன் சுவரில் ஒரு விசையை அழுத்தினான்.

பாய்லர் இரைச்சலுக்கு நடுவே அந்தக் கனத்த குரல் வந்தது. அதற்கு ஓட்டல் அறை தெரியாது, பேசியது தெரியாது, சிரித்தது தெரியாது. குடியேற்ற மேசையில் நின்ற இடத்திலேயே அது நின்றுகொண்டிருந்தது.

"ஜெசிந்தாம்மா, இருக்கியா? கோமதி உண்மையிலேயே ஒண்ணும் குடுத்து விடலயா?"

அவள் கைப்பையைத் தடவிப் பார்த்தாள். பிள்ளையார் உள்ளே கனமாக இருந்தார்.

"இருக்கேன் அண்ணாச்சி" என்றாள். இந்தத் தடவை பொய் சொல்ல வாய் வரவில்லை. "குடுத்தாவ. ஃபியட் புள்ளையாரக் குடுத்து விட்டாவ."

"அப்பாடா" என்றார் சிவசைலம். வேலை முடிந்து வந்தவர் நாற்காலியில் சாய்கிற மாதிரி அந்தக் குரல் தளர்ந்தது. "அப்ப எடுத்து வையி தாயி. கண்ணு எரியுது."

ஜெசிந்தா பிள்ளையாரை வெளியே எடுத்தாள். சுவரில் ஒலிபெருக்கிதான் இருந்தது, அழிக்க வட்டு இல்லை. அதன் இரும்பு வலையில் அவர் டக்கென்று ஒட்டிக்கொண்டார்.

"வச்சிட்டியா?" என்று கேட்டது குரல்.